தில்லி கண்ட சுழற்காற்று

1978ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பங்குனி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அன்று மாலை வட தில்லியில், பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மௌரிஸ் நகர் முதலிய பகுதிகளில் ஒரு காற்றுப் புகுந்து, சில நிமிடங்களில் நீங்கிற்று. அது சென்ற வழியின் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அகலமோ 50 மீட்டர் அளவே. கோயில் தேரோடும் வீதியொன்றின் அகலத்தை விடச் சற்றே பெரிதான அந்தக் கீற்றுக்குள் 28 பேர் உயிரிழந்தனர். 700 பேர் வரை காயமுற்றனர்.

நம் ஜனக்புரி அந்நாளில் வளர்ந்துகொண்டிருந்த குடியிருப்பு. தில்லி வளர்ச்சிக் கழகம் எழுப்பிய வீடுகள் ஒவ்வொரு பகுதியாக நிறைந்து வந்த காலம் அது. நகரின் மேற்கே அமைந்த இவ்விடத்திற்கு அக் காற்று வரவில்லை. ஆகவே நம் சங்கத்து மூத்தோரை அந்நாளைப் பற்றி வினவினால், "அது பெரியதோர் ஆந்தி" என்று கூறி அமைவர். இளையோரோ அதனைக் கேள்விப்பட்டதேயில்லை. உண்மையில் அது ஆந்தியன்று. உலகில் ஒருசில நிலப்பகுதிகளிலேயே மிகுதியாகத் தோன்றுவதும், ஆங்கிலத்தில் டொர்னேடோ எனப்படுவதுமாகிய கொடுங்காற்றே அது. அஃது எங்கெங்கு எத்துணை முறை தோன்றுகிறது, ஏன் அங்குத் தோன்றுகிறது, தில்லிக்கு அது யாங்ஙனம் வந்தது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பிள்ளைகளுடன் இம் மாநகரிற் குடியிருப்போர்க்கு இவ் வினாக்கள் வெறும் பொழுதுபோக்கல்ல என்பது எம் கருத்து.

முதற்கண் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்தல் வேண்டும். காற்றின் வகைகளுக்குத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. எனினும் எந்தச் சொல் எந்தக் காற்றுக்கு என்ற வரையறைதான் நம்மிடம் இல்லை. சூறை என்னும் பழஞ்சொல் பாலை நிலத்துக் கடுங்காற்றைக் குறித்தது. சூறையாடுதல் என்று கொள்ளைக்கும் அது பெயராயிற்று. சூறாவளி என்பதை இன்றைய செய்தித்தாள்கள் கடலிற் பிறக்கும் புயலுக்கும் வழங்குகின்றன, அமெரிக்கச் சமவெளியிற் பிறக்கும் டொர்னேடோவுக்கும் வழங்குகின்றன. படிப்பவர் எதனை எதுவென்று கொள்வது? இக் கட்டுரையிற் கடலிற் பிறப்பதைப் புயல் என்றும், இடிமுகிலிலிருந்து நிலத்தைத் தொடும் காற்றுத் தூணைச் சுழற்காற்று என்றும் வழங்குவோம்.

இரண்டும் சுழல்வனவே, ஆயினும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலையும், அதே திங்களில் ஆந்திரக் கரையில் திவிசீமையை அழித்த புயலையும் நம்மிற் பலர் அறிவோம். அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகன்றவை; கடலில் நாட்கணக்கில் வளர்ந்து, வருமுன்னரே அறிவிக்கத் தக்கனவாய் வந்தவை. சுழற்காற்றோ சில பத்து மீட்டர் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்திற்குள் அடங்குவது. ஆயுள் பெரும்பாலும் நிமிடக்கணக்கினது. ஆனால் அச் சிறு வட்டத்திற்குள் எந்தப் புயலும் எட்டாத விரைவை அஃது எட்டவல்லது. 1999 மே 3ஆம் நாள் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் தோன்றிய ஒன்றினுள் மணிக்கு 480 கிலோமீட்டர் அளவான விரைவை நடமாடும் ரேடார் கொண்டு அளந்தனர்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் வழங்குவர். அந்த ஆடிக்காற்று பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே நாள் முழுதும் ஒரே திசையில் வீசும் பருவக்காற்று, அது சுழல்வதில்லை. நண்பகலில் வெறும் பொட்டலில் எழுந்து சருகும் தாளும் தூக்கி ஆடும் புழுதிச் சுழி உண்டே, அது சுழலும்; ஆனால் முகிலற்ற வானத்தின் கீழே, சுட்ட தரையிலிருந்து மேலெழுவது. சுழற்காற்று முகிலிலிருந்து கீழே வருவது. பேயென்று அஞ்சித் துப்பும் சிறுவர்க்குப் புழுதிச் சுழியால் கண்ணில் மண் விழுவதன்றிப் பெருந்தீங்கு இல்லை.

இனி ஆந்தி. தில்லிவாழ் தமிழர்க்கு இது நன்கு பழகிய விருந்தினர். வைகாசி, ஆனித் திங்கள்களில் மேற்கே வானம் பழுப்பேறும். மாடியில் உலர்த்திய வடாமையும் துணியையும் அள்ளிக்கொண்டு தாய்மார் இறங்குமுன் புழுதி வீட்டிற்குள் இருக்கும். இஃது எவ்வாறு உண்டாகிறது? உயரத்திலுள்ள இடிமுகிலிலிருந்து விழும் மழை, கீழேயுள்ள வறண்ட காற்றில் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. ஆவியாகுங்கால் அக் காற்றுக் குளிர்ந்து கனத்துக் கீழே விழுகிறது. விழுந்தது தரையில் மோதி, குடத்து நீரை முற்றத்திற் கொட்டினாற்போல நாற்புறமும் பரவுகிறது. அப் பரவலின் முன்விளிம்பே ஆந்தி. இதுவும் மரங்களைச் சாய்க்கும், உயிர் கொள்ளும். 2018 மே மாதத் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் இத்தகைய புழுதிப் புயல்களால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் அதன் உடல் சுழல்வதன்று.

ஒரு காற்று நீங்கிய பின்னர், அஃது ஆந்தியா சுழற்காற்றா என்று எவ்வாறு கண்டறிவது? விழுந்த மரங்களைக் கண்டு அறிவர். ஆந்தியில் அவை ஒரே முகமாகவோ, ஒரு நடுவிலிருந்து விசிறி போல் விரிந்தோ கிடக்கும்; சுழற்காற்றில் ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒடுங்கிய ஒரு கீற்றுக்குள் முறுக்குண்டு கிடக்கும். இவ் வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா என்னும் ஜப்பானியர். இளமையில், நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபின் அவ்விடம் சென்று, வெடித்த இடத்தின் நேர்கீழே மரங்கள் நிற்கவும் சுற்றிலும் உள்ளவை வெளிநோக்கிச் சாய்ந்திருக்கவும் கண்டவர் அவர். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகம் சென்ற அவர், பின்னாளில் அமெரிக்கக் காடுகளில் அதே விரிசாய்வைக் கண்டு, முகிலிலிருந்து விழும் காற்றுப் பெருக்கை வரையறுத்தார். 1971இல் சுழற்காற்றின் வலிமையை அது விளைத்த அழிவைக் கொண்டு 0 முதல் 5 வரை வகுத்தவரும் அவரே. அவ் வகுப்புக்குத் துணைநின்ற பாடங்களில் ஒன்று, 1970 மே 11ஆம் நாள் டெக்சாசில் லபக் நகரை அழித்த சுழற்காற்று. அந் நகரத்துப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிற்றிய கிஷோர் மேத்தா அவ் வழிவை வீடுவீடாக ஆராய்ந்தார். ஃபுஜிட்டாவின் அளவை திருத்தப்பெற்று 2007இல் நடைமுறைக்கு வந்தபோது அத் திருத்தத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவரே ரிச்சர்டு பீட்டர்சன் என்பாருடன் சேர்ந்து, இந்தியாவிலும் வங்கதேசத்திலும் தோன்றிய சுழற்காற்றுகளைத் தொகுத்து 1981இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். நம் நாட்டுக் காற்றின் வரலாறு டெக்சாசிலே எழுதப்பட வேண்டியிருந்தது!

அவ் வரலாற்றின் முதல் ஏடுகள் கல்கத்தாவிலே கிடைக்கின்றன. 1838 ஏப்ரல் 8ஆம் நாள் அந் நகரின் கிழக்கே ஒரு சுழற்காற்று ஊர்களை அழித்துச் சென்றது. இறந்தோர் 200க்கு மேற்பட்டோர். அதனைப் பற்றிய விவரம் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கல்கத்தாவில் வாழ்ந்து காற்றுகளையே வாழ்நாட் பொருளாகக் கொண்ட ஹென்றி பிடிங்டனும் தம் நூலில் அதனை எடுத்துரைத்தார். உலகமெங்கும் இன்று வழங்கும் சைக்ளோன் என்ற சொல்லைப் படைத்தவர் இவரே. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை ஆக்கினார் என்பர்.

ஐம்பது ஆண்டு கழித்து, 1888 ஏப்ரல் 7ஆம் நாள் டாக்கா நகரைச் சுழற்காற்றுத் தாக்கிற்று. நவாபின் அரண்மனையாகிய அஹ்சான் மஞ்சில் பெருஞ்சேதமுற்றது. 118 பேர் இறந்தனர். அதே திங்கள் 30ஆம் நாள், தில்லிக்குக் கிழக்கே அணித்தாயுள்ள முராதாபாதில் ஆலங்கட்டி மழை பெய்து 246 பேரைக் கொன்றது. ஆலங்கட்டியால் மாண்டோர் தொகையில் உலகிலேயே அதுதான் மிகப் பெரியது என்று உலக வானிலை நிறுவனம் பதிந்துள்ளது. ஆலங்கட்டிக்கும் சுழற்காற்றுக்கும் தாய் ஒன்றே: மிக உயர்ந்தெழுந்து, தன் அச்சிற் சுழலும் பேரிடிமுகில். ஆகவே வட இந்தியாவின் சித்திரை வானம் அத்தகைய முகிலைப் படைக்க வல்லது என்பது நூறாண்டுக்கு முன்னரே தெளிவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பட்டியல் இன்னும் துயரமானது. 1969 ஏப்ரல் 14ஆம் நாள், நமக்கும் வங்காளிகட்கும் புத்தாண்டை ஒட்டிய வேளையில், அன்று கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவையும் கொமில்லாவையும் சுழற்காற்றுகள் தாக்கின; இரண்டிடத்துமாக 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1989 ஏப்ரல் 26ஆம் நாள், நெடுநாள் மழையின்றி வாடிக் கிடந்த மாணிக்கஞ்சு மாவட்டத்தில் தௌலத்பூர், சதூரியா என்னும் ஊர்களில் மாலையில் வந்த ஒரு காற்றினால் ஏறத்தாழ 1,300 பேர் உயிர் துறந்தனர். 80,000 பேர் வீடிழந்தனர். உலகில் இதனினும் மிகுதியான உயிர்களைக் கொண்ட சுழற்காற்று பதிவில் இல்லை.

இத்துணை உயிர்ச்சேதத்தைக் கண்டு, வங்கத்திலேதான் சுழற்காற்று மிகுதி போலும் என்று எண்ணுவோர் உளர். எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 சுழற்காற்றுகள் பதிவாகின்றன. கனடாவில் 100 அளவில். இங்கிலாந்து உள்ளிட்ட பிரித்தானியத் தீவில் 30 அளவில். பரப்பளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிரித்தானியத்தின் எண்ணிக்கை வியப்பளிக்கும். எனினும் அவற்றிற் பெரும்பாலானவை ஓடுகளைப் பெயர்த்து வேலிகளைச் சாய்ப்பதோடு அமையும். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளி, பிரேசிலின் தென்பகுதி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகியவற்றிலும் இவை வருவதுண்டு. வங்கதேசத்தில் ஆண்டொன்றுக்குச் சிலவே பதிவாகின்றன. அங்கு உயிர்கள் மிகுதியாக மடிவதற்குக் காரணம் காற்றின் தொகையன்று. நெருங்கிய மக்கள்தொகையும் வீடுகளின் அமைப்பும் ஆகும். மண்சுவரின் மேல் வேய்ந்த தகரத் தகடு, காற்று எடுத்தபின் வாளாகிவிடுகிறது. அமெரிக்கரின் வீட்டிற்கு நிலவறை உண்டு. வங்கத்து ஆற்றுப்படுகையில் இரண்டடி தோண்டினால் தண்ணீர்.

இனிக் காரணம் காண்போம். சுழற்காற்று பிறக்க நான்கு பொருள்கள் ஓரிடத்தில் ஒரே வேளையில் கூடவேண்டும். தரையருகே வெம்மையும் ஈரமும் செறிந்த காற்று வேண்டும். அதன் மேல் வறண்ட வெங்காற்று ஒரு மூடிபோல் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே குளிர் வேண்டும். தரையிலிருந்து உயரச் செல்லச் செல்லக் காற்றின் திசையும் விரைவும் மாறவேண்டும். மூடியின் பணி யாதெனில், ஈரக்காற்றைக் காலையிலிருந்தே சிறுசிறு முகிலாகச் சிதறவிடாமல் மாலைவரை அடக்கி வைத்தல். நம் வீட்டுக் குக்கரில் எடைக்குண்டு செய்யும் வேலை அது. மூடி உடைந்ததும் அடங்கியிருந்தது யாவும் ஒருங்கே பீறிட்டு, 15 கிலோமீட்டர் வரை உயர்ந்த முகிலாகிறது.

எனினும் உயர்ந்த முகில் எல்லாம் சுழல்வதில்லை. அதற்கு நான்காவது பொருளே உயிர்நிலை. விளக்குக்குத் திரி திரிப்போர் பஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, மேற்கையை விரைந்து ஓட்டுவர், பஞ்சு உருளும். அவ்வாறே கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் ஓடும் காற்றுகளுக்கு இடையே உள்ள காற்று படுக்கைவாட்டில் உருள்கிறது. இடிமுகிலின் மேலெழும் ஓட்டம் அந்த உருளையை நிமிர்த்திவிட, முகிலே சுழலத் தொடங்குகிறது. அச் சுழற்சி ஒடுங்க ஒடுங்க விரைவு மிகும். கைகளை விரித்துச் சுழலும் நாட்டியப் பெண் அவற்றை மார்போடு அணைத்ததும் விரைந்து சுழல்வதை நம் ஆண்டுவிழா மேடையிலும் காணலாம். ஆயினும் சுழலும் முகில்களிலும் சிலவே நிலத்தைத் தொடும் தூணை இறக்குகின்றன. எது இறக்கும், எது இறக்காது என்பதை முன்கூட்டி உறுதியாகக் கூற இன்றும் இயலவில்லை.

அமெரிக்காவின் நடுச்சமவெளிக்கு இந் நான்கும் இயற்கையிலேயே வாய்த்துள்ளன. தெற்கே மெக்சிகோ வளைகுடா ஈரத்தை அனுப்புகிறது. தென்மேற்கிலுள்ள மேட்டுநிலங்கள் வறண்ட மூடியைத் தருகின்றன. ராக்கி மலைகளைக் கடந்து வரும் மேல்காற்றுக் குளிரைத் தருகிறது. அதற்கும் மேலே ஜெட் காற்று எனப்படும் வான்வெளி ஆறு ஓடுகிறது. குறுக்கே நின்று தடுக்க மலை ஒன்றும் இல்லை. உலகில் இத்துணை அளவிலும் இத்துணை அடிக்கடியும் இவை கூடும் இடம் வேறில்லை.

வங்கத்திலும் இதே நான்கும் உண்டு, பருவந்தான் குறுகியது. பங்குனி, சித்திரையில் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாடு புகுகிறது. அதன் மேல் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தின் வெங்காற்று மூடியாகிறது. ஜெட் காற்று அப்பொழுதும் இமயத்தின் தெற்கே ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே இமயத்தின் பங்கு பெரிது. நிலநடுக்கோட்டுக்கு இத்துணை அணித்தான இடத்தில் சுழற்காற்று இவ்வளவு கடுமையாக வருதல் உலகில் வேறெங்கும் அரிது. ஜெட் காற்றைத் தெற்கே ஒதுக்கி ஓடச்செய்யும் அம் மலைத்தொடர் இல்லையேல் இஃது இவ்வாறு நிகழாது. வங்காளிகள் கால்பைசாகி என்று பாடியும் அஞ்சியும் போற்றும் சித்திரை வைகாசி இடிமழையின் காரணங்களை நம் வானிலைத் துறையினராகிய கோட்டேஸ்வரம், ஸ்ரீநிவாசன் ஆகிய இருவரும் 1958இல் ஆராய்ந்து, கீழே ஈரக்காற்றுக் குவிதலோடு மேலே ஜெட் காற்றின் துணையும் சேர வேண்டும் என்று காட்டினர். ஆனித் திங்களில் பருவமழை வரவும் ஜெட் காற்று இமயத்திற்கு வடக்கே பெயர்ந்துவிடுகிறது. அதன்பின் ஈரம் கடல்போல் இருப்பினும் திரி திரிக்கும் மேற்கை இல்லை.

நம் தாயகமாகிய தமிழ்நாட்டின் நிலையும் இதனால் விளங்கும். அங்கு வெம்மைக்குக் குறைவில்லை. கரையோரத்தில் ஈரத்திற்கும் குறைவில்லை. கோடையிடி மரங்களைப் பிளப்பதை யாவரும் அறிவோம். ஆனால் கோடையில் ஜெட் காற்று வெகு தொலைவில் வடக்கே ஓடுகிறது. கடலிலே நீர்த்தாரை எழுவதை மீனவர் காண்பதுண்டு. நிலத்திற் பெருஞ்சுழற்காற்று அரிதினும் அரிது. புயலுக்குள்ளே சிறு சுழற்காற்றுகள் பிறத்தல் வேறொரு வழி; 2021 மே மாதத்தில் யாஸ் புயல் ஒடிசாக் கரையை நெருங்கியபோது, அதனின்று தொலைவில் வங்காளத்து ஹூக்ளிக் கரை ஊர்களில் அவ்வாறு ஒன்று தோன்றி உயிர்ச்சேதமும் விளைத்தது.

தில்லிக்கு வருவோம். இம் மாநகருக்கு இரண்டு கடல்களும் தொலைவு. ஆதலால் கோடை முகில் உயரத்திலே அடிகொண்டு, மழையை வழியிலேயே ஆவியாக்கி, ஆந்தியை அனுப்புகிறது. ஜெட் காற்றோ மாசி, பங்குனியில் நம் தலைக்கு மேலேயே ஓடுகிறது. மேற்கத்திய இடையூறு என்று வானொலியிற் கேட்கும் மழைமுகில்களை இழுத்து வருவதும் அதுவே. ஆக, ஜெட் காற்று உள்ள பருவத்தில் வெம்மை போதாது. வெம்மை வந்தபின் ஜெட் காற்று விலகிவிடுகிறது. ஈரம் எப்பொழுதும் விருந்தாளியே. இரு பருவங்களும் கைமாறும் பங்குனித் தொடக்கத்தில், வெயில் ஏறியும் ஜெட் காற்று நீங்காமலும் இருக்கும் சில நாட்களில், அரபிக் கடலின் ஈரமும் வந்து சேருமாயின் நான்கும் கூடிவிடும். 1978 மார்ச்சு 17ஆம் நாள் அப் பருவத்தைச் சேர்ந்ததே. தில்லியில் அது அரிது என்பதற்கும், வாராது என்று சொல்ல இயலாது என்பதற்கும் காரணம் ஒன்றேயாகும்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று கூறவேண்டும். எம் கருத்தில் இதுவே இப் பொருளின் சுவையான பகுதி. சுழற்காற்று, மழைபோல் மானியில் விழுவதன்று. யாரேனும் கண்டு எழுதினால் உண்டு, இல்லையேல் இல்லை. அமெரிக்கப் படையின் வானிலைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி 600 சுழற்காற்றுகளைத் தொகுத்து 1880களில் நூல் செய்தார். வருமுன் கூறவும் முயன்றார். மேலதிகாரிகள் அதனை விரும்பவில்லை. மக்கள் பீதியடைவர் என்று கருதி, வானிலை அறிவிப்பில் டொர்னேடோ என்ற சொல்லே வரலாகாதென விலக்கினர். ஆபத்தின் பெயரை மறைத்தால் ஆபத்தும் மறையும் என்பது எல்லா நாட்டு அதிகாரிகட்கும் எளிதில் தோன்றும் உபாயம் போலும்! 1925 மார்ச்சு 18ஆம் நாள் மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களில் 350 கிலோமீட்டர் தூரம் ஒரு சுழற்காற்று ஓடி 695 பேரைக் கொன்றபோது, அச் சொல்லைக் கூறி எச்சரிப்பார் எவருமிலர்.

1948 மார்ச்சு 20ஆம் நாள் ஒக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழற்காற்று அழித்தது. அங்கிருந்த ஃபாபுஷ், மில்லர் என்னும் இரு வானிலை அதிகாரிகள், அத்தகைய நாட்களின் வானப்படங்களை இரவுபகலாக ஒப்பிட்டனர். ஐந்தே நாட்களில், 25ஆம் நாள், அதே சாயல் மீண்டும் தோன்றவும், இன்று மாலை வரும் என்று துணிந்து அறிவித்தனர். ஒரே தளத்தை ஒரே கிழமைக்குள் இருமுறை தாக்குதல் கோடியில் ஒன்று என்று அவர்களே அஞ்சியிருத்தல் கூடும். ஆயினும் அது வந்தது. விமானங்களை முன்னரே ஒதுக்கியிருந்தமையால் இழப்புக் குறைந்தது. 1950இல் வானிலைத் துறையின் விலக்கு நீங்கிற்று. ஒழுங்கான கணக்கும் அவ்வாண்டு முதலே உள்ளது. அந் நாளில் ஆண்டுக்குச் சில நூறாக இருந்த எண்ணிக்கை இன்று ஆயிரத்தைக் கடந்துள்ளது; காற்றுப் பெருகியதன்று, 1990களில் நாடு முழுதும் டாப்ளர் ரேடார் நிறுவியதும், பார்ப்போர் பெருகியதும் முதன்மையான காரணம். மிக வலிய சுழற்காற்றுகளின் தொகை அவ்வாறு கூடவில்லை என்பதே இதற்குச் சான்று.

நம் நாட்டில் பட்டியலை எழுதியது பெரும்பாலும் மரணமே. பலர் மாண்டால் செய்தித்தாளில் வரும். செய்தித்தாளில் வந்தால் ஆராய்ச்சியில் வரும். 1978இன் காற்று, பல்கலைக்கழகத்தின் நடுவே செல்லாமல், நஜஃப்கட்டுக்கு அப்பால் கடுகு வயல்களில் இறங்கியிருக்குமாயின், "பலத்த ஆந்தி, மரங்கள் சாய்ந்தன" என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். தில்லி வரலாற்றில் அத்தகைய இரண்டு வரிகள் எத்துணையோ!

இதனைப் படிக்கும் இல்லத்தார் ஒன்று கேட்பர்: வந்தால் என் செய்வது? மாடிக்கு ஏறிப் பார்த்தல் ஆகாது. கீழ்த்தளத்தில், சாளரமில்லாத உள்ளறையில், சுவரோரம் குனிந்து தலையை மறைத்திருத்தல் வேண்டும். நம் குடியிருப்பின் மொட்டைமாடிகளில் நிற்கும் வெறும் நீர்த்தொட்டிகளும் தகரக் கொட்டகைகளும் ஆந்திக்கே பறப்பவை. அவற்றைக் கட்டி வைத்தல் ஆண்டுதோறும் வரும் ஆந்திக்கும் பயன்படும். காரில் இருப்போர் மரத்தடியிலும் விளம்பரப் பலகையின் கீழும் நிறுத்தலாகாது.

சென்னையில் 2002இல் முதன்முதலாக நிறுவப்பெற்ற டாப்ளர் ரேடார் பின்னர்த் தில்லிக்கும் வந்தது. முகிலுள் எழும் சுழற்சியை அது காணவல்லது. ஆனால் ரேடாரின் கதிர், தொலைவு செல்லச் செல்ல உயர்ந்தும் அகன்றும் போவதால், 50 மீட்டர் அகலத் தூண் ஒன்று அதன் கண்ணுக்குத் தப்பும். அக் குறையை இப்பொழுது மற்றொரு கருவி நிரப்பி வருகிறது. 2009 மார்ச்சு 31ஆம் நாள் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் ஒரு சுழற்காற்று ஊர்களை அழித்தது. 2024இல் அதே மார்ச்சு 31ஆம் நாள் வட வங்காளத்து மயினாகுரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இவ்விரண்டுக்கும் இடையே, 2023 மார்ச்சு 24ஆம் நாள் மாலை, பஞ்சாபில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஃபாசில்கா மாவட்டத்தில் பக்கைன்வாலா என்னும் சிற்றூரில் வயல்களின் மேல் ஒரு தூண் இறங்கிற்று. வீடுகள் பல இடிந்தன; சிலர் காயமுற்றனர். முன்னாளில் அதனையும் ஆந்தியென்றே எழுதியிருப்பர். இம்முறை அவ்வூர் மக்கள் தம் கைப்பேசியில் அதனைப் படமெடுத்துவிட்டனர். நாடு முழுதும் அது கண்டது.